எண்பது டாலர் பாடம்

எண்பது அமெரிக்க டாலர் கொடுத்து நாம் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். அதை இந்த வாரம் வாசகர்களுக்கு இனாமாகவே வழங்க உத்தேசம். பாடம் நடந்த இடம், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய டிரினிடாட்டின் தலைநகரம், போர்ட் ஆப் ஸ்பெயின்.

"பள்ளிக்கூட வாத்தியாருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் தங்கையின் கணவர் அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் டாக்டராக இருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் எங்களை வரவழைத்தார்கள். விமான டிக்கெட் மாப்பிள்ளையின் உபயம். தங்க இடமும் இரவுச் சாப்பாடும் தங்கையின் உபயம். ஊர் சுற்றிப் பார்க்கும் செலவு மட்டும் நம்முடையது. அது ஒன்றே நம் சம்பளத்துக்குப் போதுமானதாயிருந்தது.

தென் அமெரிக்காவில் வெனிசூலா தேசத்தின் கரைக்கு எதிரே, பாரியா வளைகுடாவின் ஓரத்தில் அமைந்திருக்கிறது இந்தத் துறைமுகப் பட்டணம். பெயர் ஸ்பானியர் இட்டது. 1797-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1962 ஆகஸ்டு 31-ஆம் தேதி தீவு சுதந்திரம் அடைந்தது. வடக்கே பச்சை மலை, தெற்கே கடல், இரண்டுக்கும் நடுவே ஊர். வழி தவறுவது கடினம். ஆயினும் நாம் முதல் நாளே தவறினோம்.

அன்று காலை மாப்பிள்ளை மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். நாம் துறைமுகத் தெருவில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். நல்ல உடை உடுத்திய ஒரு மனிதர் அருகில் வந்து, மிகுந்த மரியாதையுடன் ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு எண்பது டாலர். நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பேரம் பேசத் தெரியாதவர்கள் என்று நம் முகத்தில் எழுதியிருந்தது போலும். குளிர்சாதன வண்டி, கண்ணாடிகள் ஏற்றிவிடப்பட்டன. "இது ஒரு மாளிகை, அது ஒரு மாளிகை, அதோ இன்னொரு மாளிகை" என்று அவர் கை காட்டிக்கொண்டே ஓட்டினார். "இவற்றைக் கட்டியவர்கள் யார்?" என்று வினவினோம். "பணக்காரர்கள்" என்றார். அந்த விடையில் பிழை காண முடியவில்லை. பிறகு, ஞாபகார்த்தப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் அரை மணி நேரம் நிறுத்தினார். அத்துடன் சுற்றுலா நிறைவெய்தியது.

மாலையில் இதைக் கேட்ட மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மைதானத்தைச் சுற்றி நடப்பதற்கு யாருமே காசு கேட்பதில்லையே, மச்சான்!" என்றார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அது மேலும் வருத்தமாயிருந்தது.

மறுநாள் முதல் கால்நடைதான்.

போர்ட் ஆப் ஸ்பெயினின் நடுப்பகுதியை நடந்து பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். துறைமுகத்தை அடுத்த சுதந்திரச் சதுக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். முன்பு மரைன் சதுக்கம் என்று பெயர். அதன் நடுவே நீளமாகச் செல்லும் நடைபாதைக்குப் பிரையன் லாரா பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிரிக்கெட் வீரர் யார் என்று நம் வீட்டுப் பையன்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து பிரெடரிக் வீதி வழியாக வடக்கே சென்றால் உட்போர்டு சதுக்கம் வரும். மரநிழலும் பெஞ்சுகளும் உள்ள ஒரு சிறு பூங்கா. முதல் நாள் இதைக் கடந்தபோது வண்டி நிற்கக்கூட இல்லை.

நம்மைப் போன்ற வாத்தியார்களுக்கு இது ஒரு க்ஷேத்திரம். 1955 முதல் டாக்டர் எரிக் வில்லியம்ஸ் இங்கேதான் பிரசங்கங்கள் செய்தார். ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் பெற்ற சரித்திர ஆசிரியர் அவர். அடிமை வியாபாரத்துக்கும் இங்கிலாந்தின் செல்வப் பெருக்கத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்து 1944-இல் அவர் வெளியிட்ட நூலைப் பற்றி இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். அத்தகையவர், வண்டிக்காரரும் மீன் விற்பவரும் நின்று கேட்கும்படி, கிரேக்க தேசத்து ஜனநாயகத்தைப் பற்றியும் தம் தீவின் அரசியல் சட்டத்தைப் பற்றியும் இம்மரங்களின் அடியில் பாடம் நடத்தினார். ஜனங்கள் இரவில் மணிக்கணக்காக நின்று கேட்டார்கள். "உட்போர்டு சதுக்கத்துப் பல்கலைக்கழகம்" என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. அவர்தான் பின்னால் சுதந்திர நாட்டின் முதல் பிரதம மந்திரியானார். நாற்பது பையன்களை நாற்பது நிமிஷம் உட்கார வைக்கவே படாத பாடு படும் நாம், அந்தப் பெஞ்சில் சற்றுப் பொறாமையுடன் அமர்ந்திருந்தோம்.

சதுக்கத்துக்கு மேற்கே எதிரில் நிற்பது சிவப்பு மாளிகை. நாட்டின் பார்லிமெண்டு அதில்தான் கூடுகிறது. 1897-இல் விக்டோரியா ராணியின் வைர விழாவை முன்னிட்டு இவ்விடத்திலிருந்த பழைய கட்டடத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசினார்களாம். அதிலிருந்து வந்த பெயர். அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை. 1903-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் தேதி, தண்ணீர் வரி சம்பந்தமான ஒரு சட்டத்தை நிறைவேற்றச் சட்டசபை கூடியது. பார்வையாளர்களில் அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று சர்க்கார் விதித்தது. குடிக்கும் தண்ணீரைப் பற்றிய விவாதத்தைக் கேட்கக் குடிகளுக்குச் சீட்டு வேண்டுமாம்! சதுக்கத்தில் கூடிய ஜனங்கள் கொதித்தார்கள். கல் பறந்தது, ஜன்னல்கள் உடைந்தன, மாளிகை தீப்பற்றி எரிந்தது. போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். 42 பேர் காயமுற்றார்கள். இன்று நாம் காணும் மாளிகை 1907-இல் திரும்பக் கட்டப்பட்டது. 1990 ஜூலையில் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டத்தார் உள்ளே புகுந்து, பிரதம மந்திரி உட்படப் பலரை ஆறு நாள் சிறை வைத்ததும் இங்கேதான். அதன் பிறகு, 2013-இல் பழுதுபார்க்கத் தோண்டிய பொழுது அடித்தளத்தில் மனித எலும்புகள் அகப்பட்டன. கொலம்பஸ் இத்தீவைக் கண்டது 1498-இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த ஆதிக் குடிகளுடைய எலும்புகள் அவை. ஆட்சி மண்டபம் கட்டியவர்கள் யாருடைய சமாதியின்மேல் கட்டினோம் என்று அறியாமலே கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு சரித்திரமும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடியே கிடைக்கிறது. செலவு: இளநீர் ஒன்று.

பிரெடரிக் வீதியில் மேலும் வடக்கே நடந்தால் குவீன்ஸ் பார்க் சவானா என்னும் மாபெரும் மைதானம். சுமார் 260 ஏக்கர். 1817-இல் கவர்னர் உட்போர்டு காலத்தில் பெஷியே என்ற கரும்புத் தோட்டக் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அக்குடும்பத்தாரின் இடுகாடு மட்டும் சுற்றுச்சுவருக்குள் இன்னும் மைதானத்தின் நடுவில் இருக்கிறது. மைதானத்தைச் சுற்றி நடக்க நமக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஊர்க்காரர்கள் அதையே மாலையில் ஓட்டமாக முடித்துவிடுகிறார்கள். மேற்கு ஓரத்தில் அந்த ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை 1904-ஐ ஒட்டி எழுந்தவை. கொக்கோ விலை உயர்ந்திருந்த காலம். கொக்கோத் தோட்ட முதலாளிகள் ஒருவரை ஒருவர் மிஞ்சக் கட்டிக்கொண்டார்கள். ஒன்று ஸ்காத்லாந்துக் கோட்டை போலிருக்கிறது. இன்னொன்று பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கலியாணப் பலகாரம் போலிருக்கிறது. ஆகவே "பணக்காரர்கள்" என்று நம் வழிகாட்டி சொன்னது முற்றிலும் உண்மையே.

ஆனால் வரிசையின் தென்கோடியில் மணிக்கூண்டுடன் நிற்பது பணக்காரர் வீடன்று. குவீன்ஸ் ராயல் கல்லூரி என்னும் பள்ளிக்கூடம். எரிக் வில்லியம்ஸ், எழுத்தாளர்கள் சி. எல். ஆர். ஜேம்ஸ், வி. எஸ். நய்பால் ஆகிய மூவரும் இதில் படித்தவர்கள். ஒரு பள்ளிக்கூடத்தை ஊரின் மிக அழகிய வீதியில், மாளிகைகளோடு மாளிகையாக நிறுத்தியிருக்கிறார்களே என்று வேலிக்கு வெளியே வெகு நேரம் நின்றோம். காவற்காரர் நம்மைச் சந்தேகத்துடன் பார்த்தார். நம் பள்ளியின் ஓட்டுக் கூரையைப் பற்றி அவரிடம் சொல்லிப் பயனில்லை.

மைதானத்தின் வடக்கே தாவரத் தோட்டம். 1818-இல் ஏற்பட்டது, நுழைவுக் கட்டணம் கிடையாது. நம் சிவன் கோயில்களில் தெய்விகமாகப் போற்றும் நாகலிங்க மரத்தின் பூர்விகம் தென் அமெரிக்காவின் வடபகுதி என்பதை இவ்வூரில்தான் அறிந்தோம். எங்கிருந்தோ வந்த மரத்துக்குள் நம்மவர்கள் லிங்கத்தைக் கண்டுகொண்டார்கள்!

நிற்க. வண்டிச் செலவைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தீவில் ரயில் கிடையாது, 1968-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய ரயில் நிலையத்திலிருந்தே இப்பொழுது பஸ்களும், "மாக்சி டாக்சி" என்னும் சிறு வான் வண்டிகளும் புறப்படுகின்றன. வண்டியின் பக்கத்தில் ஒரு வர்ணப் பட்டை இருக்கும். மஞ்சள் என்றால் நகரமும் மேற்குப் பகுதியும்; சிவப்பு என்றால் கிழக்கு; பச்சை என்றால் தெற்கு. எழுத்துத் தெரியாதவரும் ஊர் போய்ச் சேரலாம். வாடகைக் கார்களும் பஸ்ஸைப் போல வழியில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அவற்றின் எண் பலகை 'எச்' என்ற எழுத்தில் தொடங்கவேண்டும். 'பி' என்று தொடங்கினால் அது சொந்தக் கார், உரிமமின்றி ஓட்டுகிறார்கள், ஏறாமலிருப்பதே நலம். இன்னொன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: திருட்டு பயம் உள்ள ஊர் இது. நகரத்துக்குக் கிழக்கே குன்றுகளின்மேல் உள்ள பேட்டைகளில் அந்நியர் தனியே உலாவக்கூடாது. பொழுது சாய்ந்தபின் நடைப்பயணம் வேண்டாம். நாம் ஆறு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம். தங்கையின் கட்டளை அப்படி.

பகல் ஆகாரத்துக்கு "டபிள்ஸ்". பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மஞ்சள் கலந்த மாவில் பொரித்த மெல்லிய வட்டங்கள் இரண்டு. அவற்றின் நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு. மேலே மாங்காய்த் தொக்கும் மிளகாய்ச் சாறும். வட்டத்தின் பெயர் "பாரா". நம் வடைதான் வட இந்தியாவில் "பரா" ஆகி, கப்பலேறி, உருவம் மெலிந்து அங்கே போயிருக்கிறது. 1930-களில் இத்தீவிலேயே தோன்றிய பண்டம். சுத்த சைவம். தெருவோரத் தள்ளுவண்டியில் ஒன்று நம் பணத்தில் நூறு ரூபாய்க்குள். மிளகாய்ச் சாறு எவ்வளவு என்று கேட்பார்கள். "கொஞ்சம்" என்று சொல்வதுதான் உத்தமம். நாம் ஆந்திரத்துக்குப் பக்கத்து ஜில்லாக்காரர் என்ற கர்வத்தில் தாராளமாகக் கேட்டுவிட்டுக் கண்ணீர் மல்கினோம்.

மாலையில் பான் கொட்டகைகள். எண்ணெய்ப் பீப்பாயின் அடிப்பாகத்தைத் தட்டித் தட்டிச் சுருதி கூட்டிய எஃகு வாத்தியம் பான். 1880-களில் வெள்ளைச் சர்க்கார் விழாக்களில் தோல் முரசுகளைத் தடை செய்தது. ஜனங்கள் மூங்கிலைத் தரையில் மோதித் தாளமிட்டார்கள். பிறகு பிஸ்கோத்துத் தகரம், குப்பைத் தொட்டி மூடி. கடைசியில், 1930-களுக்குப் பின், எண்ணெய்ப் பீப்பாய். தடை உத்தரவு ஒன்று ஒரு புது வாத்தியத்தைப் பெற்றெடுத்தது. திருவிழாவுக்கு முந்திய வாரங்களில், ஜனவரி பிப்ரவரி இரவுகளில், நூறு பேர் சேர்ந்து ஒத்திகை பார்ப்பார்களாம். யாரும் போய் நின்று கேட்கலாம். நாம் சென்றது மே மாதம். நாலைந்து பிள்ளைகள் மட்டும் பழகிக்கொண்டிருந்தார்கள். அதுவே காதில் நெடுநேரம் நின்றது.

நகரத்துக்குத் தெற்கே கரோனிச் சதுப்பு நிலம். சாயங்காலம் நான்கு மணிக்குத் தட்டைப் படகில் ஏற்றி, அலையாத்திக் காட்டின் ஊடே அழைத்துச் செல்கிறார்கள். பொழுது இறங்கும் வேளையில் செவ்வரிவாள்மூக்கன் பறவைகள் நூற்றுக்கணக்கில் வந்து ஒரு தீவின் மரங்களில் அடைகின்றன. பச்சை மரம் சில நிமிஷங்களில் செம்பரத்தை பூத்தது போலாகிவிடுகிறது. குஞ்சாக இருக்கும்போது அவை பழுப்பு நிறந்தான். சதுப்பிலுள்ள சிறு நண்டுகளையும் இறால்களையும் தின்னத் தின்னச் சிவப்பு ஏறுகிறது. இதற்குக் கொடுத்த கட்டணம் நமக்கு உறுத்தவில்லை. படகும் வேண்டும், நீர்வழி தெரிந்தவரும் வேண்டும்.

நகரத்தின் மேற்கில் செயிண்ட் ஜேம்ஸ் என்றொரு பகுதி. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் குடியேறிய இடம். தெருக்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தோம்: கல்கத்தா, பம்பாய், டில்லி, லக்னோ, காசி. பிறகு ஒரு முனையில், பலகையில், மதராஸ் வீதி! சாதாரண வீதிதான், வேலிக்குள் நாய் குரைத்தது, ஒரு வீட்டு வாசலில் மாமரம். சென்னையில் அப்பெயர் மறைந்துவிட்டது. ஒன்பதாயிரம் மைல்களுக்கு அப்பால் தெருப்பலகையில் குடியிருக்கிறது. ஆனால் அவ்வீதியில் நாம் பேசிப் பார்த்த எவருக்கும் தமிழ் ஒரு வார்த்தை தெரியவில்லை.

அன்றிரவு மாப்பிள்ளை, "மச்சான், இங்கே காசு கொடுத்து வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு, ஆனால் உமக்கு இனி வழிகாட்டி என்றாலே ஆகாதே" என்றார். அப்படித்தான் நெல்சன் தீவுக்குப் போனோம்.

ஷாகுவாராமஸ் என்ற இடத்துக்கு மஞ்சள் பட்டை வண்டியில் போய், அங்கிருந்து மோட்டார்ப் படகு. 1941-இல் ஆங்கிலேயர் அமெரிக்காவுக்குக் குத்தகைக்கு விட்ட கடற்படைத் தளம் அது. அதைத் திரும்பக் கேட்டு 1960 ஏப்ரல் 22-ஆம் தேதி கொட்டும் மழையில் வில்லியம்ஸ் ஊர்வலம் நடத்தினார். கடலில் "ஐந்து தீவுகள்" என்று ஒரு கூட்டம் தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் ஆறு. அவற்றில் ஒன்று நெல்சன். பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டு என்ற ஸ்தாபனத்தார் குறித்த நாட்களில் மட்டும் அழைத்துச் செல்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். படகுக் கூலியும் வழிகாட்டியும் சேர்த்து, நம் எண்பது டாலரில் பாதிகூட ஆகவில்லை.

தீவில் காண்பதற்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். இடிந்த சில சுவர்கள். ஒரு நீண்ட கட்டடம். கடலுக்கு இறங்கும் படிகள். நாமாகச் சென்றிருந்தால் கால் மணி நேரத்தில் திரும்பியிருப்போம். வழிகாட்டியாக வந்த பெண்மணி எங்களைப் படிகளில் நிறுத்தினார். "1866 முதல், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்களை இங்கேதான் இறக்கினார்கள்" என்று ஆரம்பித்தார்.

1845 மே 30-ஆம் தேதி முதற்கப்பல் வந்தது. 1917-இல் கடைசிக் கப்பல். இடையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இத்தீவுக்கு வந்தார்கள். மூன்று மாதம் கடலில் கழித்தவர்களை இச்சிறு தீவில் வைத்து, நோய் பார்த்து, பலம் பார்த்து, இன்னார் இன்ன கரும்புத் தோட்டத்துக்கு என்று பிரித்து அனுப்பினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே நடந்தால் சிறை. அவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய இந்துஸ்தானத்துக்காரர். சென்னையில் ஏறியவர்கள் சிறு பங்குதான். 1912-இல் கோகலே இந்த முறையை ஒழிக்கவேண்டுமென்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். 1916-இல் மாளவியா கொண்டுவந்தார். மறு வருஷம் ஆள் ஏற்றுமதி நின்றது. வகுப்பில் இதை இரண்டு வரியில் எழுதிப்போட்டு எத்தனை வருஷமாகப் பையன்களைப் பாராமல் ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறோம்! அந்த இரண்டு வரி இந்தப் படிகளில் வந்து முட்டுகிறது என்பது நமக்குத் தெரியாது.

தொழிலாளர் தலைவர் பட்லரை இரண்டாம் உலக யுத்த காலத்தில் காவலில் வைத்ததும் இத்தீவில்தான். 1970-இல் கறுப்பர் உரிமைக் கிளர்ச்சிக்காரர்களையும் இங்கே அடைத்தார்களாம். சுதந்திர சர்க்காரும் பழைய சர்க்காரின் சிறையை உபயோகித்துக்கொண்டது என்று அந்த அம்மாள் மழுப்பாமல் கூறினார். நமக்கு அவர்மேல் மதிப்பு உயர்ந்தது.

எங்களுடன் வந்தவர்களில் பலர் உள்ளூர் இந்திய வம்சத்தார். ஒரு முதியவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் வைத்தாள். ஒருவரும் பேசவில்லை. அவள் எழுந்திருக்கும் வரையில் வழிகாட்டியும் காத்திருந்தார்.

வந்தவர்களுடைய பதிவேடுகள் போர்ட் ஆப் ஸ்பெயின் ஆவணக் களரியில் இன்னும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. 2011-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. கப்பல் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. படகில் திரும்புகையில் அந்த அம்மாள் நாம் தமிழ்நாட்டுக்காரர் என்பதை அறிந்து, தம் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெயரை எழுதிக் காட்டினார். இந்தத் தீவில் இன்றும் வழங்கும் குடும்பப் பெயராம். எங்கள் ஊரில் எப்படிச் சொல்வோம் என்று கேட்டார். "மூன்சாமி" என்று ஆங்கில எழுத்தில் இருந்தது.

"முனுசாமி" என்றோம்.

படகின் இரைச்சலில் சரியாக விழவில்லை போலும். மறுபடியும் கேட்டார். மெதுவாகச் சொன்னோம். அவர் உதட்டைக் குவித்து இரண்டு முறை சொல்லிப் பார்த்து, புத்தகத்தில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.